கழிக்க மறந்த பத்து

சின்னாங்காட்டு ஐந்தாம் வீதியில், எதிரெதிராக ஆறும் ஆறும் பன்னிரண்டு வீடுகள் கொண்ட தங்கமுத்து காம்பவுண்டில், மூன்றாம் நம்பர் வீட்டு மரத் தொட்டிலின் முன்சட்டம் ஒரே ராத்திரியில் பத்து அங்குலம் வளர்ந்துவிட்ட செவ்வாய்க்கிழமை யாரும் வேலைக்கு லீவு போடவில்லை, ஏனென்றால் அன்று எல்லாக் கம்பெனியிலும் ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் நாளில் வானம் இடிந்து விழுந்தாலும் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு பீஸ் எண்ண வேண்டும் என்பது எங்கள் பனியன் ஊரின் வழக்கம்.

தொட்டில் என்றால் சேலையில் கட்டி ஆட்டுகிற தூளி அல்ல. தூளிக்கு மேலே ஒரு கொக்கி வேண்டும், எங்கள் காம்பவுண்டில் கொக்கிக்கு வழியில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் ஓனர் தங்கமுத்து எழுதி மாட்டியிருக்கும் ஏழு விதிகளில் முதல் விதியே ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். அந்தப் பலகை நான்கு ஆணிகளில் தொங்குகிறது. ஆகவே சுகந்தியின் வீட்டுக்காரன் தனபால், சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவன், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மரத் தொட்டிலைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். நான்கு கால், நான்கு பக்கமும் மரக்கம்பி, ஆடாது. முன்பக்கமும் பின்பக்கமும் மேல்சட்டம் நாற்பத்தெட்டு அங்குலம். சட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலக் கனத்தில் பதின்மூன்று கம்பி, கம்பிக்குக் கம்பி இரண்டரை அங்குலச் சந்து, சந்து மொத்தம் பதினான்கு. இதையெல்லாம் சுகந்தி முதல் நாளே அளந்து வைத்திருந்தாள். அவள் பனியன் கம்பெனியில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர், அளக்காத பொருள் அவளுக்குப் பொருளாகவே தெரியாது.

அவர்கள் குழந்தை இதழினிக்கு அப்போது ஏழு மாதம், கீழ்ப்பல் இரண்டு. அந்த இரண்டு பல்லை வைத்துக்கொண்டு அது தொட்டிலின் முன்சட்டத்தைக் கரும்பு போலக் கடித்தது, மூன்று நாளில் எட்டு அங்குல நீளத்துக்குப் பெயிண்ட் காணாமல் போனது. சுகாதார நிலையத்து நர்சம்மா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து, நாக்கில் இருந்த பச்சையைச் சுரண்டி எடுத்துக் காட்டி, "பெயிண்ட் வயித்துக்குள்ள போகுது. சட்டத்துக்குத் துணியில ஒரு உறை தெச்சுப் போடு, கடிச்சாலும் துணியோட போகட்டும்" என்றாள். சுகந்திக்கு அது உடனே நடந்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை அவள் திரும்ப கம்பெனிக்குப் போக வேண்டும், அதற்குமேல் அவளுடைய மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை குழந்தை அந்தத் தொட்டிலில்தான் கிடக்கும். நாலாம் நம்பர் வீட்டு மயிலக்கா, செக்கிங் வேலையிலிருந்து நின்றுவிட்டவள், அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணி நேரம் பிள்ளையைத் தாங்கப்போவது மயிலக்கா அல்ல, பதின்மூன்று கம்பிதான் என்பது சுகந்திக்குத் தெரியும்.

நர்சம்மா சொன்ன அந்தத் திங்கட்கிழமையே அவள் உறை தைத்தாள். மேல்துணிக்கு ஏதோ குளிர்தேசத்துக் குழந்தையின் இரவு உடுப்புக்காக அச்சிட்ட பனியன் துணி, மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி போட்டது, வெட்டில் மிஞ்சிய துண்டு என்பதால் பாதி ஒட்டகச்சிவிங்கிகளுக்குத் தலை இல்லை. உள்ளே தனபாலின் பழைய துண்டை இரண்டாக மடித்து வைத்தாள். பல்லில் நூல் சிக்கக் கூடாது என்று விளிம்பை உள்ளே சுருட்டித் தைத்தாள். ஒன்பது ஜோடி நாடா வைத்தாள், ஒரு நாடாவும் ஐந்து அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டாள், நீளமான நாடா குழந்தையின் கழுத்தைத் தேடிப் போகும், முடிச்சு தொட்டிலுக்கு வெளிப்பக்கம் வர வேண்டும்.

அளந்தது கம்பெனியில் கொடுத்த டேப்பில். முனை நைந்து ஒன்பதாம் எண் வரை அழிந்துபோனது. அப்படிப்பட்ட டேப்பை எங்கள் ஊரில் யாரும் தூக்கிப் போடுவதில்லை, பத்தாம் எண்ணில் பிடித்து அளந்து, வந்த கணக்கில் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். சுகந்தி பதினோரு வருடமாக அப்படித்தான் அளக்கிறாள், ஒரு தடவையும் தவறியதில்லை. அன்று பத்தில் பிடித்துச் சட்டத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோக, டேப் ஐம்பத்தெட்டு என்று காட்டிய அதே நேரத்தில் அடுப்பில் பருப்பு வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவள் மூன்றை எண்ணினாள், பத்தைக் கழிக்கவில்லை.

தைத்த உறையைக் கட்டியபோது ஓரத்தில் பத்து அங்குலம் தொங்கியது. சரி, காலையில் வெட்டி மடித்துக்கொள்ளலாம் என்று தூங்கிப் போனாள். காலையில் தொங்கவில்லை. உறை அச்சாகப் பொருந்தியிருந்தது. பின்சட்டம் நாற்பத்தெட்டாகவே இருக்க, முன்சட்டம் ஐம்பத்தெட்டாகி, சதுரமாக இருந்த தொட்டில் முறம் போல விரிந்து, ஒரு கால் அடுப்பு மேடையை இடித்துக்கொண்டு நின்றது.

தனபால் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே சுற்றி வந்து பார்த்தான். "மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

"மழை பேஞ்சு நாலு மாசமாச்சு."

"அப்ப வெயிலுக்கு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான்.

மயிலக்கா வந்து கன்னத்தில் கை வைத்தாள், அந்தக் கையை எடுத்ததும் சிரித்தாள். "தொட்டிலு வளந்தா நல்லதுதான கண்ணு. பாப்பாவும் வளருதல்ல."

"கம்பி வளரலீங்கக்கா. எண்ணிப் பாத்துட்டேன், அதே பதிமூணுதான். சந்து இப்ப மூணேகாலுக்கு மயிரிழை கம்மி. பாப்பாவுக்கு இடுப்புத் தடிப்பே மூணு அங்குலந்தான். காலு நுழைஞ்சா இடுப்பும் நுழைஞ்சுரும், தலை மட்டும் நுழையாது."

"உங்கூட்டுல அதிசயம் நடந்திருக்குது, நீ சந்து எண்ணீட்டிருக்கறே."

சாயங்காலம் சுகந்தியின் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஹபீப், தெருமுனையில் குடியிருப்பவர், சொல்லியனுப்பியதும் வந்தார். முன்சட்டத்தை அளந்தார், பின்சட்டத்தை அளந்தார், உறையை அவிழ்க்காமல் தடவி அளந்தார். அப்புறம் டேப்பின் நைந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பத்துல புடிச்சயா?"

"புடிச்சனுங்க மாஸ்டர்."

"கழிச்சயா?"

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "குக்கர் விசில் அடிச்சுதுங்க."

ஹபீப் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தோரு வருசமா துணியை அளவுக்குக் கொண்டாறதுக்கு உசுரைக் குடுத்திருக்கேன். அளவுக்கு வராத பீஸை எத்தனையோ ரிஜெக்ட் பண்ணிருக்கேன். பொருளு துணி அளவுக்கு வரும்னு எவனும் எங்கிட்டச் சொல்லலியே. சரி போ, நாப்பத்தெட்டுல ஒண்ணு தெச்சுக் கட்டு, திரும்பி வந்துரும்."

அன்றைக்கே தைத்திருப்பாள். ஆனால் மாஸ்டர் சொன்னது அரைமணி நேரத்தில் காம்பவுண்டு முழுவதும் பரவியது, பரவும்போது முதல் பாதி மட்டும் பரவியது, துணி நீளமாக இருந்தால் பொருள் நீளும் என்ற பாதி. திரும்பி வரும் என்ற பாதியை யாரும் எடுத்துப் போகவில்லை. சுகந்தி துணியை விரித்து உட்காரும்போது வாசலில் ஓனர் தங்கமுத்து நின்றார், வழக்கமாக மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் வராதவர்.

"ஏம்மா, நம்ம பின்பக்கச் சுவரு அறுவத்திரண்டடி. அதுக்கு அக்கட்டால ஓடை வரைக்கும் பத்தடி சும்மாதான கெடக்குது."

"அது பொறம்போக்குங்களே."

"அதனாலதான் கட்டல. கட்டுனாத்தான தப்பு? தானா வளந்தா?"

"ஆனா பத்து அங்குலந்தானுங்க வளந்துச்சு."

"நீ அங்குலத்தைக் கழிக்க மறந்தே. அடியைக் கழிக்க மறக்கறது அதைவிடச் சுலபம்."

"மொதல்ல தொட்டிலுக்கு ஒண்ணு தெச்சுக்கறனுங்க. பாப்பா சந்துல..."

"தொட்டிலு எங்க ஓடிப்போகுது? மொதல்ல சுவரு."

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மொதல்ல என்ற சொல்லின் அர்த்தம் ஓனர் சொல்வதுதான். பன்னிரண்டு வீட்டிலும் மூட்டையாகக் கிடந்த வெட்டுத் துணியையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள், எழுபத்திரண்டடி உறைக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் காம்பவுண்டு ஒரு முறைமையை உண்டாக்கிக்கொண்டது. துணி நீளமாக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சுகந்தி சொன்னாள், யாரும் கேட்கவில்லை. விசில் இல்லாமல் பலிக்காது என்றார்கள். அளவெடுக்க வருகிறவர்கள் அவரவர் குக்கரை அவரவர் கொண்டுவர வேண்டும், உள்ளே பருப்பு இருக்க வேண்டும், மூன்றாவது விசிலில்தான் டேப்பைப் பிடிக்க வேண்டும், நான்காவது விசில் வந்துவிட்டால் அடுப்பை அணைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒருவரும் ஆணி அடிக்கவில்லை என்பதால் ஓனரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நாங்கள் தின்ற பருப்பை வேறு எந்த வருடமும் தின்றதில்லை.

சுவர் வளர்ந்தது. புறம்போக்கை அளக்க வந்த அதிகாரி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று தடவை நடந்து, சுவர் புதிதாகக் கட்டப்பட்டதற்கான அடையாளம் ஏதுமில்லை, ஆகவே அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும், ஓடைதான் பத்தடி நகர்ந்து வந்து ஆக்கிரமித்திருக்கிறது என்று எழுதி, ஓடைக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். ஒட்டுவதற்கு ஓடையில் ஒரு கல்தான் அகப்பட்டது. சுவரின் செங்கல் எண்ணிக்கை மட்டும் பழையபடியே இருந்தது, செங்கலுக்குச் செங்கல் சந்து விழுந்திருந்தது. முதல் நாள் பல்லி போனது, மூன்றாம் நாள் அணில் போனது, ஐந்தாம் நாள் தெருநாய் தலையைக்கூடக் குனியாமல் நுழைந்து இந்தப் பக்கம் வந்து படுத்தது. "காத்தோட்டமா இருக்குது" என்றார் ஓனர்.

பிறகு குடியிருப்போர் சங்கத் தலைவர் பொன்னுரங்கம் வந்தார், அவருக்கு நாற்காலி. இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு அது வளர்ந்தது, இன்னொருவரை அவர் உட்கார விடவில்லை. நடுவில் உட்கார்ந்தால் இரண்டு கைப்பிடியும் எட்டாது, ஒரு தடவை இடதுபக்கம் சாய்ந்தும் ஒரு தடவை வலதுபக்கம் சாய்ந்தும் தலைமை தாங்கினார், பார்க்கிறவர்களுக்குச் சில்லறையைத் தவறவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருந்தது. மயிலக்காவுக்குத் தண்ணீர் டிரம். டிரம் வளர்ந்து இன்னும் நான்கு குடம் கொள்ளும் என்றாயிற்று, ஆனால் எங்கள் வீதிக்குத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை இரண்டு மணி நேரம்தான் வரும் என்பதில் மாற்றமில்லை, காலி டிரம் பெரிய காலி டிரம் ஆனது. இதை எழுதுகிறவன் கேட்டது ஒரு ஜன்னல். அதுவும் வளர்ந்தது, அதன் வழியே தெரிகிற எதிர்வீட்டுச் சுவர் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. ஏழாம் நம்பர் வீட்டில் பெண் பார்க்கப் போகிற தங்கள் பையனுக்கே உயரம் கூட ஓர் உறை கேட்டார்கள், உயிருள்ளதற்குத் தைக்க மாட்டேன் என்று சுகந்தி சொல்லிவிட்டதால், அவன் ஏறி நிற்கிற செருப்புக்கு வாங்கிப் போனார்கள்.

ஒவ்வொருவரும் வரும்போது சுகந்தி ஒரே வாக்கியத்தைச் சொன்னாள், மொதல்ல தொட்டிலுக்கு ஒண்ணு தெச்சுக்கறேன். ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், இது ஒண்ணு மட்டும். பத்தாவது நாள் வரை பதினேழு உறை தைத்திருந்தாள். பகலெல்லாம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டோ, மிஷினுக்கடியில் பாய் விரித்துக் காலால் தடுத்துக்கொண்டோ தைத்தாள். தொட்டிலில் விட வேண்டியிருந்தால் சந்துக்குச் சந்து தலையணை சொருகினாள், குழந்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே எறிந்து, ஒவ்வொன்றுக்கும் சிரித்தது. திங்கட்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவள் மிஷினை மூடிவிட்டு வாசலுக்கு வந்து, "இனி ஒருத்தருக்கும் தைக்கல. நாளைக்கு இந்த உறையை அவுத்துட்டு நாப்பத்தெட்டுல ஒண்ணு கட்டப்போறேன்" என்றாள்.

காம்பவுண்டில் யாருக்கும் அது வரை வராத ஒரு பயம் அப்போது வந்தது. அன்று மாலையே சங்கம் கூடியது. முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.

"இதா பாரு அம்மிணி" என்றார் தலைவர் பொன்னுரங்கம், இடதுபக்கம் சாய்ந்து. "மொதல்ல வளந்தது உன்ற தொட்டிலு. அதுதான் எல்லாத்துக்கும் வேரு. வேரை அவுத்தா எங்களதெல்லாம் என்னாகறது?"

"என்ற சுவரு பத்தடி உள்ள வந்துரும்" என்றார் ஓனர். "அப்புறம் ஓடைக்கு ஒட்டுன நோட்டீசுக்கு என்ன மரியாதை?"

"பாப்பா சந்துல எறங்கிரும்ங்க. நான் வேலைக்குப் போயிட்டா யாரு பாப்பாங்க?"

"எறங்காத அளவுக்கு ஊட்டு" என்றாள் மயிலக்கா. "கொழந்த ஒல்லியா இருக்கறதுதான இங்க பிரச்சனை? கொஞ்சம் குண்டாயிட்டா சந்து தானா சரியாப் போயிரும்."

எல்லாரும் அதை நல்ல யோசனை என்றார்கள், இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டார்கள். முன்சட்டத்து உறையை அவிழ்ப்பதில்லை, குழந்தையைச் சந்துக்கேற்ற அளவுக்கு வளர்ப்பது, அதுவரை டேப் சங்கத்தின் பொறுப்பில் பூட்டி வைக்கப்படும் என்று தீர்மானம் ஆயிற்று. இருபத்தொன்பது கைகள் உயர்ந்தன. உயராதவை சுகந்தியுடையதும் குழந்தையுடையதும். உயர்ந்தவற்றில் தனபாலின் கையும் ஒன்று, அவனுடைய வண்டி சீட்டும் பத்து அங்குலம் நீண்டிருந்தது. ஹபீப் மாஸ்டர் காம்பவுண்டுக்காரர் அல்ல, அவரை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து பதினோரு வீட்டிலிருந்தும் கிண்ணம் வந்தது. கேழ்வரகுக் கூழ், நேந்திரம்பழ மாவு, மசித்த உருளைக்கிழங்கு, நெய் விட்ட பருப்பு, பருப்பு மட்டும் ஆறு வீட்டிலிருந்து. குழந்தை எல்லாவற்றையும் வாயில் வாங்கி வெளியே தள்ளிவிட்டு ஒட்டகச்சிவிங்கியைக் கடித்தது. மயிலக்கா காலையும் மாலையும் அதன் இடுப்பை விரலால் அளந்து போனாள். வேறு வீதிகளிலிருந்தும் தொட்டிலைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் சட்டத்துக்கு மாலை போட்டார், குழந்தை அதிலிருந்து நான்கு சாமந்தியைத் தின்றது. அடுத்தவர் கற்பூரம் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர், விட முடியாது. "அக்கா, ரெண்டு குடம் புடிச்சுட்டு ஓடியாந்தர்றேன், பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று மயிலக்காவிடம் சொல்லிவிட்டுச் சுகந்தி போனாள். இரண்டாவது குடம் முக்கால் நிரம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வராததைக் கவனித்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குழந்தை ஒன்பதாவது சந்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் நுழைந்து, இடுப்பு நுழைந்து, மார்பு நுழைந்து, இரண்டு அக்குளும் அடிச்சட்டத்துக்கு மேலே கம்பிக்குக் கம்பி மாட்டி, தலை உள்ளேயும் உடம்பு வெளியேயுமாக, பாதம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆடியது. மூச்சு முட்டிக் குரல் எழாமல், வாய் மட்டும் திறந்து மூடியது. அறைக்குள் மயிலக்காவோடு சேர்த்து ஆறு பேர் நின்றார்கள். நான்கு பேர் கையில் செல்போன் இருந்தது.

"வெளிய வந்து காட்சி குடுக்குது கண்ணு" என்றாள் மயிலக்கா மெதுவாக.

சுகந்தி குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தைத் தூக்கி, முழங்கால், இடுப்பு, மார்பு என்று வந்த வழியே திருப்பி அனுப்பி மேலே எடுத்தாள். இரண்டு அக்குளிலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு வார் விழுந்திருந்தது.

"எத்தன நேரமாச்சு?"

"இப்பத்தான். ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்."

"அஞ்சு நிமிசமா?"

பின்னால் நின்றவர் சங்கடத்தோடு சொன்னார். "மொதல்ல எடுத்த போட்டோவுல கற்பூரப் பொகை மறைச்சிருச்சுங்க."

சுகந்தி ஆறு பேரையும் வெளியே விட்டுக் கதவைத் தாழ் போட்டாள். குழந்தையைப் பாயில் போட்டுத் தட்டினாள், விக்கல் அடங்கித் தூங்கும் வரை தட்டினாள். டேப் சங்கத்தின் பீரோவில் இருந்தது. அவள் அதைக் கேட்கப் போகவில்லை. மிஞ்சிய துணியை எடுத்து, சுவரோரமாக நாற்பத்தெட்டாகவே நின்றுகொண்டிருந்த பின்சட்டத்தின் மேல் வைத்து, அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நகத்தால் கீறி வெட்டினாள். குக்கர் அடுப்பில் இல்லை.

மிஷின் ஓடும் சத்தம் கேட்டதும் கதவுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அம்மிணி, அவுக்காத! பத்தடிச் சுவரு!"

"பொறுமையா யோசி, சங்கத்துல பேசிக்கலாம்!"

"சுகந்தி, என்ற வண்டி சீட்டு!" என்ற குரல் தனபாலுடையது.

அவள் ஒன்பது ஜோடி நாடா வைத்தாள், ஐந்து அங்குலத்துக்கு மேல் போகாமல். மாலையையும் பழைய உறையையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கட்டினாள், இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து அங்குலம் வெறும் மரம் தெரிந்தது. பிறகுதான் கதவைத் திறந்து தனபாலை உள்ளே விட்டாள். குழந்தையைத் தன் பக்கத்திலேயே பாயில் படுக்க வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டில் சதுரமாக இருந்தது. பதின்மூன்று கம்பி, பதினான்கு சந்து, சந்துக்கு இரண்டரை. அவள் ஒவ்வொரு சந்திலும் மூன்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது காம்பவுண்டே வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் சுவருக்கு ஓடினார், சுவர் எழுபத்திரண்டடியிலேயே நின்றது, சந்தில் நாய் படுத்திருந்தது. தலைவர் நாற்காலிக்கு ஓடினார், மயிலக்கா டிரம்முக்கு, நான் ஜன்னலுக்கு. ஒன்றும் குறையவில்லை. வேர் என்று எதுவும் இல்லை, அவரவர் பொருள் அவரவர் துணியோடு இருந்தது. எல்லாரும் மூன்றாம் நம்பர் வீட்டுக்கு வந்து சுகந்தியைப் பாராட்டினார்கள். குழந்தை விஷயத்தில் விளையாடக் கூடாது என்று தாங்கள் அன்றே சொன்னதாகச் சொன்னார்கள். ஓனர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

அப்போதுதான் யாரோ ஒருவருக்கு மாஸ்டர் சொன்னதன் இரண்டாவது பாதி புரிந்தது. துணி குட்டையாக இருந்தால் பொருள் குட்டையாகும். அன்று பகல் முழுவதும் காம்பவுண்டு அமைதியாக இருந்தது. பேச்சு இல்லை, சண்டை இல்லை, அங்கங்கே இரும்பு டேப் இழுபட்டுச் சுருண்டு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் சுகந்தி தலை வாரிக்கொண்டிருக்கும்போது வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் துணியும், அளவு எழுதி மடித்த சீட்டும் இருந்தன. இந்தத் தடவை யாரும் குக்கர் கொண்டுவரவில்லை. இந்தத் தடவை யாரும் தங்கள் பொருளுக்குக் கேட்கவில்லை.

அவள் சீட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டாள், இருபத்துமூன்று. நின்றபடியே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். பிறகு ஒவ்வொன்றையும் எழுதியவரிடம் கொடுக்காமல், யாருடைய பொருளின் அளவு அதில் எழுதியிருந்ததோ அவரிடம் கொடுத்தாள். தலைவரின் நாற்காலிக்குப் பதினொன்று வந்திருந்தது, பதினொன்றையும் அடுக்கித் தலைவர் கையில் கொடுத்தாள். ஓனர் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு நான்கு, நான்கும் ஓனருக்கு. இன்னும் ஏழு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கும் போயின. அந்த ஏழில் என் சீட்டு யாரிடம் போனது என்பது அவருக்குத் தெரியும், அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வரிசையாக நின்று எல்லாரும் படித்தார்கள். எங்கள் காம்பவுண்டில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் படித்து நான் பார்த்ததில்லை. கையெழுத்து ஒவ்வொருவருக்கும் தெரிந்த கையெழுத்துதான்.

ஒரு சீட்டு மட்டும் சுகந்தியின் கையிலேயே இருந்தது. மூணாம் நம்பர் வீடு, பத்துக்குப் பத்து, ஒம்பதாக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. மூன்றாம் நம்பர் ஒரு அடி குறைந்தால் நாலாம் நம்பருக்கு ஒரு அடி கூடும், நடுவில் ஒரு சுவர்தான்.

எல்லாரும் கலைந்து போன பிறகும் மயிலக்கா நின்றாள். "சும்மா எழுதிப் பாத்தேன் கண்ணு. நீங்க மூணு பேருதான, பாப்பா இன்னும் சின்னதுதான..."

சுகந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு பத்து. தனபால் ஏற்கெனவே ஷிப்டுக்குப் போயிருந்தான். கம்பெனிக்கு நடந்து போக பதினைந்து நிமிடம், மிஷினில் போய் உட்காராவிட்டால் எட்டு முப்பத்தொன்றுக்கு வேறு ஆள் உட்கார்ந்துவிடும். இந்தக் காம்பவுண்டில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவள் இந்த ஒருத்திதான். சீட்டை நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்து, தொட்டிலுக்குள் உட்கார வைத்து, ஒன்பது முடிச்சையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

"பத்து மணிக்குக் கஞ்சி குடுத்துருங்கக்கா. சட்டத்தைக் கடிச்சாக் கடிக்கட்டும், துணிதான். இந்த ஊட்டை அளக்கறதுன்னா பாப்பா முழிச்சிருக்கறப்பவே அளந்துக்குங்க, தூங்கறப்ப டேப்புச் சத்தம் கேட்டா பயந்துக்கும்."